'ஹை நூன்' திரைப்படத்தில் கேரி கூப்பரின் நடிப்பு: மூப்பும் அச்சமும்

1952இல் வெளிவந்த 'ஹை நூன்' திரைப்படம், அமெரிக்காவில் நிகழ்ந்த பொதுவுடைமை எதிர்ப்பு விசாரணைகளின் உருவகமாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பிற்கு வலுவான அடிப்படை உண்டு. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951 செப்டம்பரில், அமெரிக்கக் கீழவையின் விசாரணைக் குழுமுன் அழைக்கப்பட்டார். பிறர் பெயர்களைக் கூற மறுத்தார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். பழிவாங்க வரும் ஃபிராங்க் மில்லரை எதிர்கொள்ள ஊரார் ஒருவரும் துணைவராத நிலையில் தனித்து நிற்கும் காவல் அதிகாரி வில் கேனை ஃபோர்மனின் சாயலாகக் காண்பது இதனால் எளிதாகிறது. ஆயினும், கேனாக நடித்த கேரி கூப்பரை இவ்வாசிப்பு கணக்கில் கொள்வதில்லை. 1947இல் அதே குழுவின்முன் விருப்பத்துடன் சாட்சியமளித்தவர் கூப்பர். பொதுவுடைமைச் சாயல் கொண்ட கதைகளைத் தாம் மறுத்துள்ளதாக அன்று கூறினார். எவர் பெயரையும் சுட்டவில்லை. எழுதியவருக்கும் நடித்தவருக்கும் இடையிலான இம்முரணை விளக்க, படத்தின் அரசியலைவிட நடிகரின் உடலை நோக்குவதே பயன் தரும்.

கூப்பரின் முந்தைய படமொன்று இதற்குத் துணைசெய்கிறது. விக்டர் ஃபிளெமிங் இயக்கிய 'தி வர்ஜீனியன்' (1929) படத்திலும் திருமண வேளையில் பகைவனின் அறைகூவல் வருகிறது, மணமகள் தடுக்கிறாள், நாயகன் மீறிச் செல்கிறான். அப்போது கூப்பருக்கு வயது 28. அப்படத்தின் நாயகனிடம் தயக்கத்திற்கு இடமில்லை. ஏறத்தாழ அதே சூழலில் 'ஹை நூன்' படத்திற்காக அவர் மீண்டும் நின்றபோது வயது 50. மணமகளாக நடித்த கிரேஸ் கெல்லி பிறந்ததே 1929இல்தான். இவ்வயது இடைவெளியைக் குறையாகக் கூறுவோர் உளர். ஆனால், காலம் கடந்து மணம்புரிந்து, பதவி துறந்து, அமைதியான வாழ்வைத் தொடங்க விரும்பும் ஒருவன் எதை இழக்க அஞ்சுகிறான் என்பதை அவ்விடைவெளியே சொல்லிவிடுகிறது.

படப்பிடிப்புக் காலத்தில் கூப்பர் வயிற்றுப்புண்ணாலும் முதுகு, இடுப்பு வலியாலும் துன்புற்றிருந்தார். இயக்குநர் ஃபிரெட் சின்னமன் அத்துன்பத்தை மறைக்க முயலவில்லை. ஒப்பனை மிகக் குறைவு. ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பி, உள்நாட்டுப் போர்க்கால மேத்யூ பிராடியின் நிழற்படங்களை முன்மாதிரியாகக் கொண்டு, நட்சத்திர முகத்திற்கு வழக்கமாகத் தரப்படும் மென்மையான ஒளியைத் தவிர்த்தார். விளைவாக முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் திரையில் தெரிகிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன்கள் எனத் தொல்காப்பியம் வகுக்கும். பெருமிதத்திற்குரியவனாகவே வார்க்கப்பட்டு வந்த மேற்கத்தியப் பட நாயகனிடம் இந்நான்கையும் காட்டத் துணிந்ததே இந்நடிப்பின் புதுமை எனலாம்.

தேவாலயக் காட்சி இதற்குத் தக்க சான்றாகும். கேன் உதவி கேட்டு வருகிறான், மக்கள் வாதிடுகின்றனர். வாதம் நீள நீள அவன் பேச்சு குறைகிறது. நகரத் தலைவர் ஹெண்டர்சன் அவனைப் புகழத் தொடங்குகையில் கூப்பரின் முகத்தில் நம்பிக்கை சிறிதே எழுகிறது. அப்புகழுரை ஊரைவிட்டுப் போய்விடும்படி கூறும் அறிவுரையாக முடிகையில் அது அடங்குகிறது. புருவமோ கையோ மிகையாக அசையவில்லை. பேசாப் படக் காலத்தில் தொழில் கற்ற நடிகரின் சிக்கனம் இது. துணைவருவதாக வாக்களித்த ஒரே மனிதனும் பின்வாங்கிய பின், அவன் மேசைமீது தலை கவிழ்கிறான். அந்நாள்வரை இவ்வகைப் படங்களின் நாயகனுக்கு இத்தகைய தளர்ச்சி அரிது. அவ்வறையிலேயே தன் இறுதி உயிலையும் எழுதுகிறான். அச்சம் நீங்கியதால் அவன் தெருவில் இறங்கவில்லை, அச்சத்தோடுதான் இறங்குகிறான்.

திரைக்கு வெளியே கூப்பரின் உறுதி இவ்வளவு தெளிவாக இல்லை. ஃபோர்மன் தொடங்கிய புதிய நிறுவனத்தில் முதலீடு செய்ய முன்வந்தவர், எதிர்ப்பு வலுத்ததும் விலகிக்கொண்டார். நடிப்பைக் கொண்டு நடிகரின் அரசியலை அளவிட முயல்வோர் இச்செய்தியையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

இப்படத்திற்காகக் கூப்பர் பெற்ற சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை 1953இல் அவர் சார்பில் பெற்றுக்கொண்டவர் ஜான் வெயின். அவரே 1971இல் ஒரு நேர்காணலில் இப்படத்தைக் கடுமையாகச் சாடினார்; இறுதியில் கூப்பர் காவல் சின்னத்தைக் கீழே போட்டு மிதிப்பதாகவும் குறிப்பிட்டார். படத்தில் மிதித்தல் இல்லை. சண்டை முடிந்து ஊரார் திரண்டு வந்து சூழ்கையில், கேன் ஒரு சொல்லும் பேசாமல் சின்னத்தைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டு, மனைவியுடன் வண்டியேறிச் செல்கிறான்.