ஊமையான குழல்கள்



சென்னை எழும்பூரிலுள்ள புனித அந்திரேயா ஆலயத்திற்குச் சென்றவர்கள், 1883-இல் அங்கு நிறுவப்பட்ட பைப் ஆர்கனைக் கண்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் செய்யப்பட்ட இசைக்கருவி அது. துருத்தியின் காற்று குழலுக்குள் புகுந்தால்தான் ஆர்கன் பாடும். காற்று நின்றால் எத்தனை அழகிய குழலும் ஊமையே.

குற்றால மலையடிவாரத்தில் வாழும் நமக்கு மூங்கில் புதியதன்று. அந்த மூங்கிலைக் கொண்டே ஓர் ஆர்கன் செய்யப்பட்ட வரலாற்றை இவ்வாரம் தியானிப்போம்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பின்யாஸ் என்னும் ஊரில் ஊழியஞ்செய்த தியேகோ செரா என்னும் குருவானவர், 1816-இல் அப்பணியைத் தொடங்கினார். வெட்டிய மூங்கில்களைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்துவைத்து, பூச்சி அரிக்காமல் நிலைத்தவற்றையே தெரிந்துகொண்டார். 1824-இல் வேலை நிறைவுற்றபோது அதில் 1,031 குழல்கள் இருந்தன. அவற்றுள் 902 மூங்கிலாலானவை. மற்ற 129 உலோகத்தாலானவை.

பின்னாட்களில் நிலநடுக்கமும் புயலும் ஆலயத்தைச் சிதைத்தன. வெயிலிலும் மழையிலும் பழுதடைந்த ஆர்கன் நெடுங்காலம் குரலிழந்து கிடந்தது.

அதைத் தள்ளிவிட்டுப் புதியதொன்றை வாங்குவது எளிது. சபையாரோ அதைச் சீரமைக்கத் துணிந்தனர். 1973-இல் ஆர்கன் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கே கைவினைஞர் செய்ததைக் கவனியுங்கள். குளிர்தேசத்தின் உலர்ந்த காற்றில் மூங்கில் வெடித்துவிடும் என்றறிந்து, பிலிப்பைன்ஸ் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட தனி அறையை அமைத்து, அதற்குள் வேலை செய்தனர். 1975-இல் ஆர்கன் தன் ஊருக்குத் திரும்பி, ஆலயத்தில் மீண்டும் பாடியது.

பிரியமானவர்களே, நம் சபையிலும் ஒருகாலத்தில் பாடி, இன்று மௌனமானவர்கள் உண்டு. துக்கம் சிலரை ஊமையாக்கியது. நம்முடைய கடுஞ்சொல்லும் சிலரை ஊமையாக்கியிருக்கலாம். “ஏன் ஆராதனைக்கு வரவில்லை?” என்று அவர்களைக் கேட்கிறோம். நானும் அப்படியே கேட்டிருக்கிறேன். அவர்கள் வாழும் வெப்பத்தையும் ஈரத்தையும் அறியாமல், நம்முடைய குளிரில் வைத்தே அவர்களைச் செப்பனிட முயல்கிறோம். அதனால் விரிசலே பெரிதாகிறது.

இவ்வாரம் அப்படிப்பட்ட ஒருவருடைய வீட்டிற்குச் செல்லுங்கள். கேள்வி கேட்காமல், அவர் திண்ணையில் அவரோடு அமர்ந்திருங்கள். மண்ணான மனிதனுக்குள் ஜீவசுவாசத்தை ஊதினவர், அந்தக் குழலுக்குள்ளும் தம் காற்றை அனுப்புவார்.

ஆமென்.