அழகு நிலைய அறைகலன்கள்

அழகு நிலைய அறைகலன்கள் என்பன முடிதிருத்தும் நாற்காலி, தலை கழுவும் இருக்கை, கண்ணாடி மேசை முதலியனவாகும். பணியாளர் குனியாமல் வேலை செய்ய முடிதிருத்தும் நாற்காலி ஏறி இறங்கவேண்டும். இதற்கான நீரியல் முறை நாற்காலியை 1890களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் எர்னஸ்ட் கோக்கன் உருவாக்கினார்.

தேர்வில் மிகுந்த கவனம் வேண்டுவது தலை கழுவும் இருக்கையே. தொட்டி விளிம்பில் கழுத்து பின்புறமாக மிகையாக வளைந்தால், கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி காயமுறலாம். இவ்வாறு பாதிப்புற்ற ஐவரைப் பற்றி அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப் 1993 இல் எழுதினார். 'அழகு நிலையப் பக்கவாதம்' எனப்படும் இந்நிலை அரிதானது. எனினும், உறையின் நிறத்தைப் பார்க்குமுன் கழுத்துத் தாங்கி உள்ளதா, தொட்டியின் உயரத்தை மாற்ற இயலுமா எனப் பார்த்தல் நன்று. முன்குனிந்து கழுவும் தொட்டியில் கழுத்து பின்வளைவதில்லை. ஆனால் முகம் நனைந்து ஒப்பனை கலையும்.