அஞ்சத் தெரிந்தவர்கள்

தொல்காப்பியக் களவியலை வகுப்பில் நடத்தும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அச்சம், நாணம், மடம் மூன்றும் எப்போதும் பெண்ணுக்கு உரியவை என்று நூற்பா சொல்லும் இடம் அது. பிறகு பயிர்ப்பும் சேர்ந்து நாற்குணம் ஆயிற்று. “பயப்படுறது ஒரு குணமா மேடம்?” என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். எனக்கு உடனே கைகொடுத்தது திருக்குறள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை. அஞ்சுவது அறிவுள்ளவர்கள் செய்யும் தொழில் என்கிறார் வள்ளுவர். அதை அவர் வைத்திருப்பது அறிவுடைமை அதிகாரத்தில். ஒரே சொல்தான். ஓரிடத்தில் அது பெண்ணை வீட்டுக்குள் இருத்தும் குணம். இன்னோரிடத்தில் வரப்போவதைக் கணிக்கும் அறிவு.

அந்த மாணவிக்கு அன்று சொல்லி முடிக்காத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இருபதாம் நூற்றாண்டில் சர்வாதிகாரத்திலிருந்து தப்பி, ஜனநாயக நாடுகளில் குடியேறிய சில பெண்கள் தங்கள் அச்சத்தை அரசியல் அறிவாக மாற்றினார்கள். உள்ளூர்க்காரர்கள் ‘இதெல்லாம் இங்கே நடக்காது’ என்று நம்பிய நாடுகளில் அவர்கள் சில அடையாளங்களைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் கண்டது எவ்வளவு சரி, எங்கே தவறினார்கள் என்பது இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஹன்னா ஆரெண்ட். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் அதிபராகப் பதவியேற்றார். துப்பாக்கி முனையில் அல்ல. குடியரசுத் தலைவரின் நியமனத்தால், சட்டப்படி. பிப்ரவரி 27 இரவு பெர்லின் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, நம் கடிதத்தைப் பிறர் பிரிக்கக் கூடாது என்ற உரிமை எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த ஆணைக்கும் அரசியல் சட்டத்தில் இடம் இருந்தது. தற்காலிகம் என்று வந்தது நாஜி ஆட்சி முடியும்வரை நீடித்தது.

ஆரெண்டுக்கு அப்போது 26 வயது. பிரஷ்ய அரசு நூலகத்தில் உட்கார்ந்து, சங்கங்களும் தொழில் அமைப்புகளும் வெளியிட்ட இதழ்களிலிருந்து யூத வெறுப்புப் பேச்சுகளைத் திரட்டும் வேலையைச் செய்தார். அதற்காகக் கைதானார். 8 நாள் காவலுக்குப் பின் வெளியே வந்ததும் தாயுடன் எல்லையைக் கடந்து பிராக் போய், ஜெனீவா வழியாகப் பாரிஸ் சேர்ந்தார். 1940இல் பிரெஞ்சு அரசே அவரை ‘எதிரி நாட்டவர்’ என்று குர்ஸ் முகாமில் அடைத்தது. பிரான்ஸ் தோற்ற குழப்பத்தில் முகாமைவிட்டு வெளியேறினார். வெளியேறாமல் தங்கிவிட்டவர்களில் பலர் 1942இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 1941 மே மாதம் அவர் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

பின்னாளில், 1964இல் அளித்த ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், தன்னை உலுக்கியது எதிரிகள் செய்ததல்ல, நண்பர்கள் செய்தது என்றார். எதிரி எதிரியாக நடந்துகொண்டதில் அவருக்கு வியப்பில்லை. யாரும் கட்டாயப்படுத்தும் முன்பே, படித்த நண்பர்கள் தாங்களாகவே புதிய ஆட்சிக்கு ஏற்பத் தங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். அதற்கு அழகான கோட்பாடுகளையும் கண்டுபிடித்தார்கள். ஜனநாயகம் சரிவதை அளக்க அவர் நமக்குத் தரும் முதல் அளவுகோல் இது. தலைவர் என்ன பேசுகிறார் என்பதைப் போலவே, நம் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எதைப் பேசாமல் விடத் தொடங்கியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

1943இல் ஆரெண்ட் அகதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்பெல்லாம் ஏதேனும் ஒரு செயலுக்காகவோ கருத்துக்காகவோ துரத்தப்பட்டவரே அகதி. தாங்களோ எதுவும் செய்யாமலே, பிறந்த காரணத்தாலேயே அகதியானோம் என்றார். நம் மொழியில் ‘அகதி’ என்றால் கதியற்றவர். அதற்கு மாற்றாகப் புழங்கும் ‘ஏதிலி’யிலும் இல்லாமைதான் ஒலிக்கிறது. இரண்டும் அவர்களிடம் இல்லாததைச் சொல்கின்றனவே தவிர, அவர்கள் கொண்டுவந்ததைச் சொல்வதில்லை. அவர்கள் ஒரு நினைவைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாடு எப்படி உடைகிறது என்று கூட இருந்து பார்த்த நினைவு.

அந்த நினைவு அமெரிக்காவில் சீக்கிரமே சோதனைக்கு உள்ளானது. 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, அரசுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று கிளப்பினார். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், திரைத்துறையினர் எனப் பலர் விசாரணைக் குழுக்களின் முன் நிறுத்தப்பட்டு, பிறர் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தப்பட்டார்கள். ஆரெண்ட் 1951 டிசம்பரில்தான் அமெரிக்கக் குடிமகள் ஆனார். 18 ஆண்டுகள் நாடற்றவராக இருந்தவர். கணவர் ஹைன்ரிஷ் ப்ளூஹர் ஜெர்மனியில் கம்யூனிஸ்டாக இருந்தவர். குடியேறியவர்களின் குடியுரிமையையே பறிக்கலாம் என்ற பேச்சு எழுந்த காலம் அது. அந்த வீட்டில் அச்சம் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆனாலும் அவர் எழுதினார். 1953 மார்ச்சில் வெளியான ஒரு கட்டுரையில், முன்னாள் கம்யூனிஸ்டுகள் இப்போது பிறரைக் காட்டிக்கொடுப்பதை ஜனநாயகத் தொண்டாகக் காட்டுகிறார்கள் என்று கண்டித்தார். சர்வாதிகாரத்தின் வழிமுறைகளை வைத்துக்கொண்டு சர்வாதிகாரத்தை எதிர்க்க முடியாது என்பது அவர் வாதம். ஜெர்மனியில் இருந்த தன் ஆசிரியர் கார்ல் யாஸ்பர்ஸுக்கு எழுதிய கடிதங்களிலும் இந்தக் கவலை நிறைந்திருக்கிறது. 1954 டிசம்பரில் செனட் சபை மெக்கார்த்தியைக் கண்டித்தது. அவர் செல்வாக்கு முடிந்தது. அப்படியானால் ஆரெண்ட் வீணாகப் பயந்தாரா? மழை வருமென்று குடை எடுத்துப்போனவரைப் பார்த்து, மழை வராத நாளில் சிரிப்பது எளிது. அச்சம் சோதிடம் அல்ல. சிலர் பயந்து, அதை வெளியே சொன்னதாலும் சில ஆபத்துகள் நின்றிருக்கின்றன.

ஆனால் இதே ஆரெண்ட் இன்னோரிடத்தில் தவறினார். பெண்ணியவாதிகள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமேயான ஒரு பள்ளியில் 9 கறுப்பின மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டு தனியாகப் பள்ளிக்கு நடந்துவர, பின்னால் வெள்ளையர் கூட்டம் கத்திக்கொண்டு வந்தது. 1959இல் வெளியான தன் கட்டுரையில் ஆரெண்ட், கும்பல் துரத்த நடந்துவந்த ஒரு கறுப்பினச் சிறுமியின் செய்திப் படத்திலிருந்து தொடங்கி, பெரியவர்களின் போராட்டத்தைக் குழந்தைகள் தோளில் ஏற்றலாமா என்று கேட்டார். நான் ஒரு கறுப்பினத் தாயாக இருந்தால் இதற்கு என் குழந்தையை அனுப்ப மாட்டேன் என்ற தொனி அதில் இருந்தது. பள்ளியைவிடக் கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டங்களை முதலில் ஒழிக்க வேண்டும் என்றும் வாதிட்டார். அந்தச் சட்டங்களைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றை 1967இல்தான் ரத்து செய்தது. ஆனால் அந்தத் தாய்மார்களைப் பற்றிய அவர் தீர்ப்பு தவறு.

நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன் அதைச் சுட்டிக்காட்டினார். தெற்கில் வாழும் கறுப்பினப் பெற்றோருக்குக் குழந்தையை எதற்குள் அனுப்புகிறோம் என்று தெரியும். அந்தப் பயங்கரத்தை எதிர்கொண்டு, தன் அச்சத்தையும் கோபத்தையும் அடக்கிக்கொள்ளக் குழந்தை பழக வேண்டும் என்பதும் தெரியும். அது தியாகம் என்றார். 1965 ஜூலையில் ஆரெண்ட் அவருக்குக் கடிதம் எழுதி, எலிசன் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சூழலில் இருந்த வன்முறையையும் உடல் உணரும் அச்சத்தையும் தான் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதினார். அச்சத்தை அவ்வளவு நெருக்கமாக அறிந்த பெண்ணுக்கே இன்னொரு பெண்ணின் அச்சம் கண்ணில் படவில்லை.

புலம்பெயர்ந்தவரின் நினைவு தடுமாறும் இடம் இதுதான். தனக்கு அடைக்கலம் தந்த நாட்டை அது நன்றியோடு பார்க்கிறது. அங்கே ஜனநாயகம் இருக்கிறது, அதை இழந்துவிடக் கூடாது என்று தவிக்கிறது. ஆனால் எலிசபெத் எக்ஃபோர்டின் குடும்பத்துக்கு அந்த ஜனநாயகம் முழுதாகக் கிடைத்திருக்கவே இல்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு வந்தது, ஆரெண்ட் அந்தக் கடிதத்தை எழுதிய அடுத்த மாதத்தில். சர்வாதிகாரத்தின் நினைவைச் சுமக்க எல்லை தாண்டி வர வேண்டியதில்லை. அதே தெருவில், அதே கொடியின் கீழ் வாழ்ந்தவர்களிடமும் அது இருந்தது.

இதைத் தெளிவாக எழுதியவர் ஜூடித் ஷ்க்லார். 1928இல் லாட்வியாவின் ரீகா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939இல் குடும்பம் ஸ்வீடனுக்குத் தப்பியது. பிறகு சைபீரிய ரயிலில் ரஷ்யாவைக் கடந்து, ஜப்பான் வழியாக அமெரிக்கா. சியாட்டிலில் சில வாரங்கள் காவலில் இருந்தார்கள். கடைசியில் கனடாவின் மான்ட்ரியலில் குடியேறினார்கள். ஹார்வர்டின் அரசியல் துறையில் நிரந்தரப் பேராசிரியரான முதல் பெண் அவர்; 1971இல்தான் அது நடந்தது. துறையினர் ஒரு பெண்ணை நிரந்தரமாக்குவதா என்று தயங்கியபோது, பாதி நேரப் பதவியாவது கொடுங்கள் என்று அவரே கேட்க நேர்ந்தது.

1989இல் ஷ்க்லார் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அச்சத்தையே தாராளவாதத்தின் அடித்தளமாக வைக்கிறது. நல்ல அரசு எது என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் இல்லாதவரைக் கொடுமைப்படுத்துவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அரசியலை அங்கிருந்து தொடங்குவோம் என்பது அதன் சாரம். 1991இல் அமெரிக்கக் குடியுரிமை பற்றி எழுதிய சிறு நூலில், அடிமைமுறையை விட்டுவிட்டு அந்தக் குடியுரிமையைப் புரிந்துகொள்ளவே முடியாது என்றார். வாக்குரிமையும் உழைத்துச் சம்பாதிக்கும் உரிமையும் அங்கே ஏன் அவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டன? அவை மறுக்கப்பட்ட அடிமைகளும் பெண்களும் கண்முன் இருந்ததால். தப்பி வந்தவரின் நினைவும் உள்ளே வதைபட்டவரின் நினைவும் அந்த நூலில் ஒன்றுசேர்கின்றன.

மூன்றாமவர் ஆக்னஸ் ஹெல்லர். 1929இல் புடாபெஸ்ட்டில் பிறந்தார். தந்தையை ஆஷ்விட்ஸ் கொன்றது. தாயும் மகளும் தப்பினார்கள். தத்துவவாதி லூக்காச்சின் மாணவி. 1956 புரட்சி நசுக்கப்பட்ட பின் கட்சியும் பல்கலைக்கழகமும் அவரை வெளியேற்றின. 1973இல் மீண்டும் வேலை பறிபோனது. 1977இல் ஆஸ்திரேலியா போனார். 1986 முதல் நியூயார்க்கில் பேராசிரியர். அந்தப் பதவிக்கே ஹன்னா ஆரெண்டின் பெயர்தான். கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு மறுபடி ஹங்கேரி வந்தார்.

அங்கே அவர் மூன்றாவது முறையாக அஞ்ச வேண்டியிருந்தது. 2010 தேர்தலில் விக்டர் ஓர்பானின் கட்சி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே புதிய அரசியல் சட்டம். நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டது. மூத்த நீதிபதிகள் ஒரே வீச்சில் வெளியேற, யாரையும் கைது செய்யத் தேவை இருக்கவில்லை. அரசை விமர்சித்த ஹெல்லரும் சக தத்துவவாதிகளும் ஆய்வு நிதியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று 2011இல் ஆளும் தரப்பு ஊடகங்கள் எழுதின. விசாரணை நடந்தது, குற்றம் எதுவும் நிலைக்காமல் கைவிடப்பட்டது. ஆனால் பெயரில் சேறு அடித்தாகிவிட்டது.

2018 அக்டோபரில் ஓர் அரசாணை, பாலினக் கல்விப் பட்ட மேற்படிப்பை அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. மனிதர்கள் ஆணாகவோ பெண்ணாகவோதான் பிறக்கிறார்கள், இந்தப் படிப்புக்கு வேலைவாய்ப்பும் இல்லை என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. நாடு முழுவதும் இரண்டே பல்கலைக்கழகங்கள்தான் அதை நடத்தின. ஒரு கையளவு மாணவர்கள் படித்த பாடத்தை ஓர் அரசு ஏன் அவ்வளவு பொருட்படுத்தியது? குடும்பத்துக்குள் அதிகாரம் யாருடையது என்று கேட்கப் பழகியவர், நாட்டுக்குள்ளும் அதையே கேட்பார். என்னால் வேறு காரணம் காண முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஹெல்லர் ஓர்பானை ஹிட்லர் என்று சொல்லவில்லை. இது பாசிசம் அல்ல, பழைய சர்வாதிகாரமும் அல்ல, கொடுங்கோன்மை என்ற சொல்லே பொருந்தும் என்றார். மக்கள் பேசலாம், வெளிநாடு போகலாம், வாக்களிக்கலாம். ஆனால் ஒருவர் விருப்பமின்றி எதுவும் நடக்காது. உண்மையான பாசிசத்தில் தந்தையை இழந்தவர், அந்தச் சொல்லைச் சிக்கனமாகவே செலவழித்தார். அவரிடம் நான் கற்றது இந்தச் சிக்கனம். அஞ்சத் தெரிவது என்றால், எதற்கு எவ்வளவு அஞ்சுவது என்று தெரிவதும்தான். 2019 ஜூலையில், 90 வயதில், பாலட்டன் ஏரியில் நீந்தச் சென்றவர் கரை திரும்பவில்லை.

அந்த மாணவிக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. பயம் பெண்ணின் குணம் என்று எழுதிவைத்தவர்கள், அதே பெண் நாட்டுக்காகப் பயந்தால், ‘மிகைப்படுத்துகிறாள்’ என்று கடந்துபோகிறார்கள். இரண்டிலும் அவள் என்ன பார்த்தாள் என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும். யாராவது அஞ்சுகிறேன் என்று சொன்னால், முதலில் என்ன பார்த்தாய் என்று கேட்போம். ஆரெண்ட் தவறிய இடத்தை மறக்காமல், நமக்குப் பழக்கமில்லாத அச்சத்தோடு வருபவரிடமும் அதையே கேட்போம்.