பேப்பர் பிழை விட்டா யாரிட்டப் போய்ச் சொல்லுறது?

செய்யாத ஒரு குற்றத்தோட சேர்த்து உங்கட பேர் நாளைக்குப் பேப்பரில வருதெண்டு வையுங்கோ. ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். பதில் வராட்டி நீதிமன்றம் போகலாம். ஆனால் மானநட்ட வழக்கு வருடக்கணக்காக இழுபடும், சட்டத்தரணிக்குக் காசும் வேணும். இரண்டுக்கும் நடுவில ஒரு வழி தேவை. அந்த வழியை யார் கையில கொடுக்கிறது என்பதுதான் இலங்கையில் அரை நூற்றாண்டாக நடக்கிற சண்டை.

1972இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் பத்திரிகைப் பேரவைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த அரசியலமைப்பு நீதிமன்றம் 14 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்ற காலக்கெடுவே பெரும் பிரச்சினையாகி, நீதிபதிகள் பதவி விலகினார்கள். புதியவர்கள் நியமிக்கப்பட்ட பிறகுதான் அது 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. 'தினகரன்' உட்பட்ட லேக் ஹவுஸ் பத்திரிகைகளும் அதே ஆண்டில்தான் அரசின் பிடிக்குள் போயின.

சட்டத்தை வாசித்தால் முதலில் நல்லதாத்தான் தெரியும். பிழையான செய்தி பற்றி வாசகர் முறைப்பாடு செய்யலாம், பேரவை விசாரிக்கும், திருத்தம் போடச் சொல்லும். ஆனால் பேரவையில் இருக்கிற ஏழு பேரில் ஒருவர் அரசாங்கத் தகவல் பணிப்பாளர். மற்ற ஆறு பேரையும் நியமிக்கிறது ஜனாதிபதி. 16ஆம் பிரிவுக்குப் போனால் இன்னொரு முகம் தெரியும். அனுமதியில்லாமல் அமைச்சரவைத் தீர்மானங்களை வெளியிடுவது குற்றம். தட்டுப்பாட்டை உண்டாக்கக்கூடிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் செய்திகளும் அப்படித்தான். சிறைத் தண்டனையும் உண்டு. வாசகருக்கான கதவு என்று திறந்ததில் அரசாங்கம் தனக்கும் ஒரு பூட்டுப் போட்டு வைத்தது.

இதற்கு மாற்றாக, பத்திரிகைத்துறை தன்னைத் தானே ஒழுங்குபடுத்தும் என்று 1998இல் ஊடக சுதந்திரம், சமூகப் பொறுப்பு பற்றிய கொழும்புப் பிரகடனம் சொன்னது. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு உருவானது. உரிமையாளர்கள், ஆசிரியர்கள், ஊடகவியலாளர் அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய இதில் முறைப்பாடு செய்யக் காசில்லை. ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையை வைத்து, முதலில் இரு பக்கத்தையும் சமரசப்படுத்தப் பார்ப்பார்கள். திருத்தமோ பதிலளிக்கும் உரிமையோ கிடைக்கும்.

குறை இல்லையா? இருக்கு. சிறைக்கு அனுப்புகிற பலம் அதற்கில்லை. பத்திரிகைகளின் ஒத்துழைப்பில்தான் அது நிற்கிறது. முதலாளிமார் சேர்ந்து கட்டின வீட்டில முதலாளிக்கு எதிராக நியாயம் கிடைக்குமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக அரசாங்கம் எடுத்துக்காட்டுவது எப்போதும் பழைய பூட்டைத்தான். 2009இல், போர் முடிந்த கையோடு, செயலிழந்து கிடந்த பத்திரிகைப் பேரவையை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். ஊடகவியலாளர்கள் கொல்லப்பட்டும் காணாமல் ஆக்கப்பட்டும் இருந்த நாட்டில, அந்த நேரத்தில அரசு தேடினது வாசகரின் நியாயத்தையா? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் ஆணைக்குழுவை நியமிக்கிறவர் ஜனாதிபதிதான். அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேணும் என்பது மட்டும் வித்தியாசம்.

எங்கட பேப்பர்கள் சுத்தம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுகிற, பொலிஸ் சொன்னதை அப்படியே தீர்ப்பாக்குகிற செய்திகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதைத் தட்டிக்கேட்க வாசகர்கள் முன்வராத இடத்தைத்தான் அரசாங்கம் நிரப்ப வரும். ஆகவே பிழையைக் கண்டால் முகநூலில் திட்டிப்போட்டு விடாமல், பேப்பரை வெட்டி வைத்து, திகதி குறித்து, முறைப்பாட்டை எழுதுவோம்.