கூத்துமாடத்துக்குள் ஒரு செல்போன்

போன மாதம் அலுவலகத்து ஜப்பானிய நண்பர் ஒரு டிக்கெட்டை நீட்டினார். ஓசி டிக்கெட்டை மறுக்கும் பழக்கம் பாலக்காட்டுக்காரனுக்குக் கிடையாது :-) போனேன். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு தைக்கோ முரசு. பாட ஒரு பெண். மூலையில் மடிக்கணினியோடு ஒரு பையன். முரசில் விழும் அடியைக் கணினி வாங்கி, இழுத்து, பெருக்கித் திருப்பி அனுப்புகிறது. பின்னால் திரையில் நிழல்கள். அரை மணி நேரத்தில் எனக்கு ஒற்றப்பாலத்து அத்தை வீடு ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம். பி.காம். படித்தவன் சொல்வது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தைக்கோ மிகப் பழைய வாத்தியம்தான். ஆனால் பல முரசுகளை வரிசையாக வைத்துக் குழுவாக முழக்கும் இன்றைய பாணி 1951-ல் டைஹாச்சி ஒகுச்சி என்ற ஜாஸ் டிரம்மர் தொடங்கி வைத்தது. 1955-ல் தோக்கியோவில் என்.எச்.கே. வானொலி மின்னணு இசைக்கூடம் அமைத்தது. 1966-ல் ஜெர்மனியின் ஸ்டாக்ஹவுசன் அங்கே உட்கார்ந்து, பல நாட்டு மரபிசைப் பதிவுகளைக் கருவிகளில் கலந்து 'டெலிமூசிக்' செய்தார். 1985-ல் பீட்டர் புரூக் பிரான்சில் மேடையேற்றிய மகாபாரதத்துக்கு இசை அமைத்தவர் தோஷி சுசிதோரி என்ற ஜப்பானியத் தாளக் கலைஞர். ஆக, நான் பார்த்த கலவைக்கு வயது ஒரு அறுபது, எழுபது வருஷம்.

நம்ம ஊர்க் கணக்கு வேறு. பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். அதற்கென்றே கூத்துமாடம் என்று நிரந்தரமாகக் கட்டிய நீள மேடை உண்டு. வெள்ளைத் துணிக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள், தேங்காயெண்ணெயில் எரியும். தோலில் வெட்டிய பாவைகள். எழுபறை, இலத்தாளம், சங்கு. குரலோ தமிழ்! கம்பராமாயணப் பாட்டு. பாடும் புலவர்களுக்கு வீட்டில் மலையாளம், பாட்டில் கம்பன். பாட்டைப் பாடிவிட்டு அதற்கு மணிக்கணக்கில் விளக்கமும் விவாதமும் நடக்கும். அதில் தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்து வரும். சில கோயில்களில் ஏழு நாள், சிலவற்றில் இருபத்தொரு நாள், இன்னும் அதிகமாகவும் உண்டு.

கதை தெரியும்தானே? ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகனோடு சண்டையில் இருந்தாள். அதைப் பார்க்க முடியவில்லையே என்று வருந்தியவளுக்காக வருஷா வருஷம் நடத்துவது இந்தக் கூத்து. அதனால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் 1996-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எதிரே யாருமே இல்லாமல் கூத்து நடப்பதுதான் அவரை ரொம்ப யோசிக்க வைத்தது. சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன், "யாருமே இல்லையே அத்தை?" என்று. "நமக்கா ஆடறாங்க? பகவதிக்குடா" என்றாள்.

கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். 1980-ல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ. அதே குடும்பத்தில் இப்போது பெண்கள் குழுவும் இருக்கிறது. அடுத்த தலைமுறை, பாவைகளை மோட்டார் வைத்து ஆட்டும் ரோபோ கூத்தையும் செய்து காட்டியது. செய்தியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கை ஆடும், சரி. பாட்டுக்கு விளக்கம் யார் சொல்வது? கேட்பவர் முகம் பார்த்து யார் கதையை நீட்டுவது?

அப்புறம் என் சங்கதியே ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா பெயரில் ஒரு நாள் கூத்து வழிபாடு நடத்தச் சொல்லி அத்தான் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். பணம் கட்டியவர் பெயரைச் சொல்லிப் புலவர் வாழ்த்துவது எங்கள் கோயில் வழக்கம். அங்கே இரவு இரண்டு மணி. டொராண்டோவில் பகல் மூன்றரை. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டேன். அத்தான் போனைத் திரையின் ஓரமாக உள்ளே நீட்டினார். பறைச் சத்தம் போனில் உடைந்து, கொஞ்சம் பிந்தி, இரட்டிப்பாக வந்தது. அதன் மேல் புலவர் குரல். திடீரென்று பாட்டு நின்றது. "நட்சத்திரம் என்ன?" அத்தானுக்குத் தெரியவில்லை. "திருவாதிரை!" என்று இங்கிருந்து கத்தினேன். மாடிப்படியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். உடனே பாட்டு தொடர்ந்தது. அம்மா பெயர், நட்சத்திரம், வாழ்த்து.

அம்மா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். "என் பேரைச் சொன்னாங்களாமே?" என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள்.

அன்றைக்கு அரங்கில் முரசும் குரலும் மின்சாரத்தில் சிதறித் திரும்பி வந்தபோது எனக்குக் கேட்டது அந்தப் போன்தான். அதனால் ரோபோவைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பாட்டை நிறுத்தி நட்சத்திரம் கேட்க அங்கே ஒரு ஆள் இருந்தார். அவருக்கு அடுத்து யார் என்பதுதான் என் கவலை.

கொசுறு: தை முதல் சித்திரை வரை ஊர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது கூத்துமாடத்துக்கு முன்னால் போய் உட்காருங்கள். பாய் நீங்களே கொண்டு போங்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும்.