பாணர் உண்ட விருந்து

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகின்றது. கூரையின் கழிகள் சரிந்து வீழ்ந்துவிட்டன. கறையான் அரித்த சுவரிலே காளான் பூத்திருக்கின்றது. அடுப்பு நெருப்பைக் கண்டு பல நாளாயின. ஆதலின் அண்மையில் ஈன்ற நாயொன்று, கண் திறவாத தன் குட்டிகளுடன் அங்கே படுத்திருக்கின்றது. பாலற்ற முலையைக் குட்டிகள் பற்றும்போது வலி பொறாது குரைக்கின்றது. அவ்வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து உப்புமின்றி வேகவைக்கின்றாள். அவ்வறுமையைப் பிறர் கண்டுவிடுவரோ என்னும் நாணத்தினால் வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தார் அனைவரும் கூடியிருந்து அதனை உண்கின்றனர்.

சங்ககாலத் தமிழர் உண்ட உணவைப் பற்றிப் பேசுவோர் பலரும் இறைச்சியையும் கள்ளையும் எடுத்துக் காட்டி, அஃது ஒரு செழிப்பான காலம் என்று கூறி அமைந்துவிடுவர். அடைத்த இக்கதவை அவர்கள் கவனிப்பதில்லை. ஆற்றுப்படை நூல்களில் வரும் விருந்துகள் யாவும் பசித்த மனிதன் ஒருவன் வாயிலாகச் சொல்லப்பட்டவை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே தன்னைப்போல் வாடிவரும் மற்றொருவனைக் கண்டு, எவ்வழியே செல்லலாம், யாரைக் காணலாம், என்ன கிடைக்கும் என்று கூறுவதே அந்நூல்களின் அமைப்பு. ஆதலின் அவற்றை ஒருவகையில் உணவினாலே வரைந்த நாட்டுப்படம் எனலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு வெளியிட்ட பின்னரே இப்படம் கற்றோர் பலருக்கும் காணக் கிடைத்தது.

நத்தத்தனார் காட்டும் வழியிலே முதலில் வருவது கடற்கரை. அங்கே நுளைமகள் வடித்த தேறலும், உலர்ந்த குழல்மீனைச் சுட்ட சூடும் கிடைக்கும். முல்லை நிலத்திலே எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் உண்டு. வயல் சூழ்ந்த ஆமூரிலோ உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கறியும். பெரும்பாணாற்றுப்படை இன்னும் விரிவானது. 500 அடிகளில் உருத்திரங்கண்ணனார் காஞ்சிபுரத்துக்குச் செல்லும் வழியைக் காட்டுகின்றார். ஆயர் பாலும் தினைச்சோறும் தருவர். உழவர் வெண்ணெற்சோற்றுடன் வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியை வாட்டித் தருவர். அந்தணர் இல்லத்திலே இறைச்சி இல்லை. ஆயினும் மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து, பசுவெண்ணெயிலே வேகவைத்து, மாவடு ஊறுகாயுடன் படைப்பார்களாம். இக்காலத்து அடுக்களையிலும் அதனைச் செய்து பார்க்கலாம். பக்குவத்தை அவ்வளவு நுணுக்கமாகப் புலவர் சொல்லியிருக்கின்றார்.

இவற்றுள் எதிலும் மிளகாய் இல்லை. போர்த்துக்கேயர் வந்த பின்னரே மிளகாய் இந்நாடுகளுக்கு வந்தது. காரத்திற்கு மிளகு, புளிப்பிற்குப் புளியும் மாங்காயும். சங்கநூல்களிலே கறி என்ற சொல்லே பெரும்பாலும் மிளகைத்தான் குறித்தது. மிளகிட்டுச் சமைத்த பண்டத்திற்கும் பின்னர் அப்பெயர் ஆகிவந்தது. எரியிலே வாட்டியதற்குச் சூடு என்றும் வாட்டு என்றும் வேறு சொற்கள் இருந்தன. அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் மலிந்துகிடந்த பண்டங்களைக் கூறும்போது, ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளையும் சேர்த்துக் கூறுகின்றார். அஃது இன்னது என்று பெயர் சொல்லாது விட்டமை இலங்கை வாசகர்க்குச் சற்று மனக்குறையே.

உண்ணுதலை எல்லாவற்றினும் சிறப்பாக வருணிப்பது முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை. கரிகாற்சோழன் பொருநனைத் தன் அருகிலேயே இருத்தி, அருகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் தொடையிறைச்சியை உண்ணுமாறு பலகாலும் வற்புறுத்துகின்றான். பின்னர் இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டுகள் வருகின்றன. சூடு தாங்காமல் வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றித் தின்றதாகப் பொருநன் கூறுகின்றான். நெருப்பிலிருந்து எடுத்தவுடன் இறைச்சியை உண்டறிந்த எவரும் இதனைப் படிக்கும்போது புன்னகை செய்யாதிரார். அது திகட்டியபோது பல்வேறு வடிவில் அமைந்த பணியாரங்கள் வந்தன. வேறொரு நாள் முல்லையரும்பு போன்ற, முனை முறியாத அரிசிச் சோற்றுடன் பொரிக்கறி வந்தது. கழுத்தளவும் நிரம்ப உண்டான். கொல்லையை உழுத கொழுமுனை தேய்வதுபோல, இரவும் பகலும் இறைச்சி தின்று பற்கள் தேய்ந்தனவாம்.

மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று பொருநன் மெல்லச் சொன்னபோது நிகழ்ந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எம்மைப் பிரிந்து செல்கின்றாயோ என்று சினந்தவன்போல் அரசன் வருந்துகின்றான். பரிசில் அளித்துத் தேரேற்றி, பொருநனின் பின்னே ஏழு அடி நடந்து சென்று வழியனுப்புகின்றான். அரசன் ஒருவன் கூத்தாடிப் பிழைப்பவனின் பின்னே நடந்தான் என்பது, கொடுத்த யானைகளிலும் பெரிய செய்தி.

புறநானூற்றிலும் இதுபோன்றதொரு காட்சி உண்டு. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் ஒருநாள் கபிலரின் கையைப் பற்றி, நும் கை மிகவும் மென்மையாயிருக்கின்றதே என்றான். கபிலர் விடை கூறினார்: அங்குசமும் வில்லும் பிடித்து உன் கை வன்மையடைந்தது, உன்னைப் பாடுவோர் கைக்கோ, நறும்புகையில் வாட்டிய ஊனையும் துவையலையும் கறியையும் சோற்றையும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் இல்லை, ஆதலின் அது மென்மையாயிற்று. அரசனும் புலவனும் இவ்வாறு கைபிடித்து நகையாடும் நட்பு உணவினால் வளர்ந்த நட்பு. கபிலர் தம்மை அந்தணன் என்று கூறிக்கொண்டவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. திருக்குறளிலே விருந்தோம்பலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, புலால் மறுத்தலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. காலப்போக்கிலே தமிழர் பலர் ஊனை விடுத்தனர், விருந்தை விடவில்லை. பின்னோர் கொண்ட ஒழுக்கத்தை முன்னோர் மேல் ஏற்றி, கபிலரின் இலையிலிருந்த ஊனை நாணத்துடன் அகற்றுவது வரலாறு ஆகாது.

அரசர்மட்டுமே இவ்வாறு ஓம்பினர் என்று கொள்ளுதலும் தவறு. மலைபடுகடாம் காட்டும் குறவர் சிற்றூர்களில் வாயிலில் நின்று கேட்கவும் வேண்டியதில்லை. சொந்த வீட்டிற்குள் நுழைவதுபோல் நுழைந்து, உரிமையுடையவர்போல் கலந்துகொள்ளுங்கள் என்று வழி சொல்பவன் கூறுகின்றான். நெய்யில் வெந்த பருத்த இறைச்சித் துண்டுகளும் தினைச்சோறும் கிடைக்கும். மலையிலே தினை விதைத்துப் பன்றியை விரட்டி வாழும் எளிய மக்கள் அவர்கள்.

இனி, வேளைக்கீரை உண்ட சிறுபாணன் சென்று சேர்ந்த இடத்தைப் பார்க்கலாம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் மாளிகை அது. இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலமே ஓய்மானாடு. அங்கே அடிசில் ஆக்குவோர் தம் மனம்போனவாறு ஆக்குவதில்லை. வீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் மடைநூலின் நெறி தவறாது ஆக்கினார்களாம். அவ்வுணவைப் பொற்கலத்திலே இட்டு, வந்தவன் விரும்புவது எதுவெனக் கண்டறிந்து, ஏவலரிடம் விடாது நல்லியக்கோடன் தானே அருகில் நின்று உண்பிக்கின்றான். அம்மாளிகையின் வாயிலைப் பற்றியும் நத்தத்தனார் ஒரு செய்தி சொல்லியிருக்கின்றார்: பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அக்கதவு அடைக்கப்படுவதில்லை.