வாரண்டி என்னும் கடன்பத்திரம்

கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது டப்பாவுக்குள் ஒரு வாரண்டி அட்டை இருக்கும். அதை நாம் பத்திரமாக பில்லோடு சேர்த்து பின் அடித்து வைப்போம். விற்ற கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அதே அட்டைக்கு இன்னொரு பெயர் உண்டு: பொறுப்பு. பி.காம். படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆயிரம் கார்டு விற்றால் இருபது திரும்பி வரும் என்று அனுபவத்தில் தெரிந்தால், அந்த இருபதுக்கான செலவை விற்ற வருஷத்திலேயே ஒதுக்கீடாக எழுதி வைக்க வேண்டும். நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் தரம் 29 சொல்வது இதைத்தான்.

சரி, இருபது என்று நினைத்தது இருநூறாக வந்தால்? அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

2008 ஜூலை 2 அன்று என்விடியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்புகளில் சில வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன, அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்கப் போகிறோம் என்று. மறுநாள் பங்கு விலை ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. காலாண்டுக் கணக்கு வந்தபோது தொகை 196 மில்லியன் டாலர். அதோடு முடியவில்லை. 2009-லும் 2010-லும் மேலும் ஒதுக்க வேண்டி வந்தது.

என்னதான் கோளாறு? சிலிக்கான் சில்லு, அதன் அடிப்பலகையோடு நூற்றுக்கணக்கான நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகளால் ஒட்டப்பட்டிருக்கும். இடைவெளியில் ஒரு பிசினை நிரப்புவார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சூடு, ஆஃப் செய்தால் குளிர்ச்சி. சிலிக்கானும் அடிப்பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியைப் பிசின் தாங்கிக்கொள்ள வேண்டும். சூட்டில் பிசின் இளகிவிட்டால் பாரம் முழுக்கப் புள்ளிகளின் மேல் விழும். தினம் நாலு முறை ஆன், ஆஃப் என்று இரண்டு வருஷம் போனால் ஒரு புள்ளியில் விரிசல். திரையில் கோடு கோடாக வரும், அல்லது ஒன்றுமே வராது.

ஆக, இந்தப் பழுது முதல் நாளில் தெரியாது. ஒரு வருஷ வாரண்டி முடிந்த பிறகு தலைகாட்டும் ஜாதி. வாங்கியவர் பாடு திண்டாட்டமானதற்குக் காரணமே இதுதான்.

கம்பெனிகள் என்ன செய்தன? டெல் இந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை 12 மாதம் நீட்டியது. எச்.பி.யும் நீட்டியது. டெல் விசிறி அதிக நேரம் சுற்றும்படி பயாஸ் மென்பொருளையும் மாற்றிக் கொடுத்தது. விசிறி சுற்றினால் பழுது தள்ளிப்போகும், சில சமயம் வாரண்டி முடியும் வரைக்கும் :-)

ஆப்பிள் கதை இன்னும் சுவாரசியம். தங்கள் மெஷின்களுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா உறுதி கூறியதாகவும், தாங்களே விசாரித்ததில் சில மேக்புக் ப்ரோக்களில் பாதிப்பு இருப்பது தெரிந்ததாகவும் 2008 அக்டோபரில் ஆப்பிள் வெளிப்படையாக எழுதியது. வாங்கி இரண்டு வருஷத்துக்குள் என்றால் இலவசமாகச் சரிசெய்வோம் என்றார்கள். அது பிறகு மூன்றாகி, நான்கு வருஷமானது.

ஆனால் "மாற்றித் தருகிறோம்" என்றால் எதை மாற்றி? பழைய போர்டை எடுத்துவிட்டு அதே ரகச் சிப் உள்ள இன்னொரு போர்டை வைத்தால், அதுவும் ஒரு வருஷத்தில் போகும். அப்படி இரண்டு, மூன்று முறை மாற்றியவர்கள் உண்டு. வாராக்கடனை அடைக்க இன்னொரு கடன் கொடுப்பது போலத்தான்.

அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2010 டிசம்பரில் கலிபோர்னியா நீதிமன்றம் சமரசத்தை ஏற்றது. டெல், ஆப்பிள் வைத்திருந்தவர்களுக்குப் பழுதுபார்ப்பு. எச்.பி. வைத்திருந்தவர்களுக்கு மாற்று லேப்டாப், அதே வகை, அதே மதிப்பு. வந்ததோ காம்பேக் சி.க்யூ.56 என்ற ஆரம்ப நிலை மாடல். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போய் ஆட்சேபித்தார்கள். பலனில்லை. "அதே மதிப்பு" என்பது வாங்கிய நாளின் மதிப்பா, பழுதான நாளின் மதிப்பா என்பதுதான் சண்டை. கம்ப்யூட்டர் சாமானில் இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இந்தச் சமரசத்தில் இந்தியாவில் வாங்கியவர்களுக்கு இடமே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மதிப்புச் சண்டை எனக்கும் வந்தது. 2009-ல் மும்பை லாமிங்டன் ரோடில் ஒரு கார்டு வாங்கினேன், மூன்று வருஷ வாரண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். அடுத்த வருஷம் எனக்கு போபாலுக்கு மாற்றல். 2011-ல் கார்டு படுத்தது. வாங்கிய ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். மும்பையில் இருந்த சக ஊழியர் மூலம் கொடுத்து, ஏழு வாரம் காத்திருந்தேன். பதில் வந்தது: அந்த மாடல் இப்போது இல்லை, தேய்மானம் கழித்து கிரெடிட் நோட் தருகிறோம். வாரண்டி அட்டையில் தேய்மானம் என்ற சொல்லே இல்லை. வங்கியில் உட்கார்ந்து தினமும் தேய்மான அட்டவணை பார்க்கிற என்னிடமேவா என்று மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில் வேறு மாடல் கார்டு வந்தது, புதுப்பிக்கப்பட்டது என்ற ஸ்டிக்கரோடு. அதற்கு வாரண்டி எவ்வளவு? பழைய பில்லில் மிச்சமிருந்த ஐந்து மாதம். ஆறாவது மாதம் அதுவும் போனது. வீட்டில் பையன் கேட்டான், "அப்பா, இதுக்கு எத்தனை லெட்டர்?" என்று.

சரி, ஐந்து மாதம் பத்தாது, ஆயுட்கால வாரண்டி இருந்தால் கவலையில்லை அல்லவா? அமெரிக்காவில் பி.எஃப்.ஜி. டெக்னாலஜிஸ் என்ற கம்பெனி அப்படித்தான் விற்றது. 2010 மே மாதம் கிராபிக்ஸ் கார்டு தொழிலை விட்டது. அதே ஆகஸ்டில் கடையையே மூடியது. பழுதுக்கு அனுப்பிய கார்டுகள், தொழிலை முடித்துக்கொள்கிறோம் என்ற கடிதத்தோடு அப்படியே திரும்பி வந்தன. ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள் என்று வாங்கியவர் யாரும் கேட்கவில்லை. வங்கிக்காரன் பார்வையில், வாரண்டி என்பது ஈடில்லாத கடன். தருபவர் திடமாக இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. 2022-ல் ஈ.வி.ஜி.ஏ. இதே தொழிலை விட்டபோது, கம்பெனி நடக்கும், வாரண்டி செல்லும் என்று சொல்லிவிட்டு விலகியது. பொறுப்பை ஒப்புக்கொண்டு வெளியேறும் வழியும் உண்டு.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், 12-வது பிரிவு. அதன்படி வாரண்டி என்பது ஒப்பந்தத்தின் துணை வாக்குறுதி. அது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. நாம் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கும் சொல், சட்டத்தில் இளைய சகோதரன்தான். மூத்தவன் பெயர் நிபந்தனை.

என்னைப் போல ஊர் மாறுகிறவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 1986 நுகர்வோர் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்த 2019 சட்டத்தில், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருஷம்.

ஆகவே அடுத்த முறை கார்டு வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊரிலும் கொடுக்கலாமா? மாடல் இல்லையென்றால் எதைத் தருவீர்கள்? மாற்றித் தரும் கார்டுக்கு எந்தத் தேதியிலிருந்து வாரண்டி? பதிலை பில்லின் பின்பக்கத்தில் எழுதி, கடை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால், பக்கத்துக் கடைக்குப் போகலாம்.